இரண்டாவது கண்: முப்பரிமாணத் தொலைக்காட்சியும் ஊவாத் தோட்டங்களும்

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய, அமெரிக்க இல்லங்களின் விருந்தினர் அறைகளில் ஸ்ரீரியோஸ்கோப் எனப்படும் இரட்டைப்படக் கருவி பெரிதும் விரும்பப்பட்ட பொருளாக இருந்தது. ஒரே காட்சியைச் சற்றே வேறுபட்ட இரு நிலைகளிலிருந்து பிடித்த இரு நிழற்படங்கள் ஓர் அட்டையில் அருகருகே ஒட்டப்பட்டிருக்கும். அவ்வட்டையைக் கருவியிற் செருகி இரு வில்லைகளூடாக நோக்குமிடத்துத் தட்டைப் படம் மறைந்து, ஆழமும் திரட்சியும் உடைய உலகமொன்று கண்முன் விரியும். அண்டர்வுட் அண்ட் அண்டர்வுட், கீஸ்ரோன் முதலிய அமெரிக்க நிறுவனங்கள் உலகின் பல பாகங்களிலும் இவ்வாறான படங்களைப் பிடித்து விற்றன. அவற்றுள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் காட்சிகளும் இருந்தன. கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் முப்பரிமாணத்தில் தோன்றினர்.

முப்பரிமாணக் காட்சி என்பது மலையகத் தமிழருக்கு இனிமேல் வரவிருக்கும் புதுமையன்று. அவர்கள் அதனைக் கண்டவர்களாகவன்றி அதிற் காணப்பட்டவர்களாக அவ்வரலாற்றினுள் நுழைந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. படத்திலுள்ள பெண்ணின் கூடைக்கும் அவள் பின்னாலுள்ள செடிக்கும் இடைப்பட்ட தூரத்தை வாங்கியவர் துல்லியமாக உணர்ந்திருப்பார். அவளது பெயரையோ, அவள் வாங்கிய நாட்கூலியையோ அவர் அறிந்திருக்கமாட்டார். படத்தின் ஆழமும் அறிவின் ஆழமும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. தொலைக்காட்சியின் எதிர்காலம் பற்றிப் பேசுவோர் இவ்விரண்டையும் பெரும்பாலும் ஒன்றாக்கியே பேசுகின்றனர்.

திண்மத்தோற்றம் எவ்வாறு உண்டாகிறது என்பதை 1838ஆம் ஆண்டிலே சார்ள்ஸ் வீற்ஸ்ரன் விளக்கினார். மனிதரின் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ ஆறரைச் சென்ரிமீற்றர் இடைவெளி உண்டு. ஆதலால் ஒரு பொருளின் இரு படிமங்கள் சிறிது வேறுபட்டே கண்களில் விழுகின்றன. மூளை அவ்வேறுபாட்டை நீக்கிவிடாது, அதிலிருந்தே தூரத்தைக் கணிக்கிறது. இரு கண்களும் முற்றிலும் ஒன்றையே கண்டால் இவ்வகை ஆழம் பிறப்பதில்லை. அருகிலுள்ள பொருள்களுக்கே இது வலுவாகப் பொருந்தும். அப்புத்தளை மலைவிளிம்பில் நின்று தெற்கே தாழ்ந்து கிடக்கும் சமவெளியை நோக்குபவருக்கு இரு கண்களும் ஏறக்குறைய ஒரே படிமத்தையே தருகின்றன. அங்கு தூரத்தை உணர்த்துவது பனிமூட்டமும், ஒன்றையொன்று மறைக்கும் மலைத்தொடர்களுமே. அத்தகைய பெருங்காட்சிகளைத் திண்மமாகக் காட்ட விரும்பிய படப்பிடிப்பாளர்கள் தம் இரு வில்லைகளையும் மனிதக் கண்களினும் மிக அகலமாகப் பிரித்து வைத்தனர். தூரம் கூடக்கூட இரு நோக்கு நிலைகளும் மேலும் விலகி நிற்கவேண்டும். இவ்விதி பௌதிகத்துக்கு மட்டும் உரியதன்று என்பது பின்னர் புலனாகும்.

முப்பரிமாணத் தொலைக்காட்சியின் வரலாறு எழுச்சிகளும் வீழ்ச்சிகளும் நிறைந்தது. தொலைக்காட்சி இன்னும் ஆய்வுகூடக் குழந்தையாக இருந்த 1928இலேயே ஜோன் லோகி பெயர்ட் இலண்டனில் திண்மத் தொலைக்காட்சியைச் செயல்முறையிற் காட்டினார். 1950களின் தொடக்கத்தில், தொலைக்காட்சிக்கு அஞ்சிய ஹொலிவூட் முப்பரிமாணப் படங்களைக் குவித்தது. ஓரிரு ஆண்டுகளில் அவ்வலை ஓய்ந்தது. 1984இல் கேரளத்திலிருந்து 'மை டியர் குட்டிச்சாத்தான்' வெளிவந்தது. அடுத்த ஆண்டில் 'அன்னை பூமி' அம்முறையைத் தமிழ்த் திரைக்குக் கொணர்ந்தது. 2009இல் வெளியான 'அவதார்' ஈட்டிய பெருவருவாய் தொலைக்காட்சிப் பெட்டி உற்பத்தியாளரையும் ஆசை கொள்ளச் செய்தது. 2010இல் முப்பரிமாணப் பெட்டிகளும், அவற்றுக்கெனத் தனி ஒளிபரப்புகளும் தொடங்கின. ஈ.எஸ்.பி.என். நிறுவனத்தின் முப்பரிமாண அலைவரிசை 2013இல் மூடப்பட்டது. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் அதே ஆண்டில் தன் முயற்சியை இடைநிறுத்தியது. 2017 அளவில் பெரிய உற்பத்தியாளர் யாவரும் அப்பெட்டிகளைக் கைவிட்டிருந்தனர்.

இத்தோல்விக்குத் தொழில்நுட்பக் காரணங்கள் பல கூறப்பட்டன. கண்கள் திரைத்தளத்திற் குவிந்திருக்க, பார்வைக் கோடுகள் மட்டும் திரைக்கு முன்னும் பின்னும் சந்திக்க நேர்வதால் களைப்பு உண்டாகிறது. இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்குமான படங்களை ஒரே சட்டகத்துள் அடக்கி அனுப்பியதால் படத்தின் துல்லியம் பாதியாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணாடி அணியவேண்டியிருந்தது. இக்குறைகள் யாவும் வளம்படைத்த நாடுகளின் தனியறைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. ஊவாவின் ஒரு லயக் காம்பராவில் அப்பெட்டியை வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியவரும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள அறை. ஒரு குடும்பம் முழுவதும் அங்கேயே உண்டு உறங்குகிறது. பெட்டி ஒரு மூலையில் அலுமாரியின் மேல் நிற்கிறது. ஒருவர் கட்டிலில் இருந்து பார்க்கிறார், ஒருவர் அடுப்படி வாசலில் நின்றபடி பார்க்கிறார், பக்கத்துக் காம்பராப் பிள்ளை கதவுநிலையிற் சாய்ந்து பார்க்கிறது. திரைக்கு நேரெதிரே, குறித்த தூரத்தில், தலைசாயாது அமரவேண்டும் என நிபந்தனையிடும் கருவிக்கு அங்கு இடமில்லை. முகத்தோடு பொருத்திக்கொள்ளும் புதிய மெய்நிகர் கருவிகளோ பார்ப்பவரை உடனிருப்பவரிடமிருந்து முற்றாகப் பிரித்துவிடுகின்றன. கூடிப் பார்த்தலே தோட்டத்துத் தொலைக்காட்சியின் தொடக்ககால இயல்பாக இருந்ததென்பதை இவ்விடத்து நினைவுகூர்தல் தகும்.

அத்தொடக்க காலம் தனியே ஆராயத்தக்கது. இலங்கையின் முதலாவது தொலைக்காட்சி நிலையம் சுயாதீனத் தொலைக்காட்சி சேவை என்ற பெயரில் 1979 ஏப்ரிலில் தொடங்கி, அதே ஆண்டு ஜூனில் அரசின் கைக்கு வந்தது. ஜப்பானிய உதவியுடன் நிறுவப்பட்ட ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பை ஆரம்பித்தது. அதன் தலையாய பரப்பி நாட்டின் அதியுயர் சிகரமான பிதுறுதலாகலவில் அமைந்தது. 2,524 மீற்றர் உயரத்திலிருந்து வீசும் அலை நாடெங்கும் செல்லும் என்பது எதிர்பார்ப்பு. ஆயின் தொலைக்காட்சி அலை ஏறக்குறைய ஒளியைப் போன்று நேர்கோட்டிற் செல்வது. மலை குறுக்கிட்டால் அதன் பின்னால் நிழல் விழும். மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்றது பதுளை. பசறை, மடுல்சீமை, லுணுகலை ஆகிய பகுதிகளில் ஒரே தோட்டத்தின் மேற்பிரிவில் தெளிவாகத் தெரியும் படம் ஆற்றோரப் பிரிவில் வெறும் புள்ளிமழையாகிவிடும். தேசிய ஒளிபரப்பு என்னும் தொடரில் தேசியம் என்பது எவ்வளவு பள்ளத்தாக்கு வரை இறங்குகிறது என்பதை ஊவா மக்கள் அன்ரனாவைத் திருப்பித் திருப்பியே அறிந்துகொண்டனர்.

மின்சாரம் எட்டாத லயங்களில் கார் பற்றரியில் இயங்கும் சிறு கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் புழங்கின. பற்றரியின் வலு குறையக் குறையப் படமும் சுருங்கும். சக்தியேற்றுவதற்கு அதனைத் தோளிற் சுமந்து நகரக் கடைக்குக் கொண்டுபோகவேண்டும். கதிரலை நேரே வந்து சேர்வதோடு, எதிர்மலையில் மோதித் தெறித்தும் சற்றுத் தாமதித்து வந்து சேரும். அப்போது திரையில் ஒவ்வோர் உருவத்தின் வலப்புறத்தும் மங்கலான மற்றோர் உருவம் நிற்கும். முப்பரிமாணப் படத்தைக் கண்ணாடியின்றிப் பார்த்தாலும் இவ்விரட்டைத் தோற்றமே தெரியும் என்பது வேடிக்கையான ஒற்றுமை. ஆயின் மலைச்சரிவில் தோன்றிய இரட்டைப் படத்துக்கு எந்தக் கண்ணாடியும் ஆழம் தந்திருக்காது. அது ஒரே படத்தின் இரு பிரதிகள். இரு நோக்குகள் அல்ல.

ஏனெனில் கொழும்பிலிருந்து வந்தது ஒரு நோக்கே. 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது ரூபவாஹினிக்கு ஒன்றரை வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. அந்நாட்களில் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன தொலைக்காட்சியில் நிகழ்த்திய உரையில் பாதிக்கப்பட்ட தமிழருக்கு ஓர் ஆறுதற் சொல்லும் இடம்பெறவில்லை என்பதை அக்காலத்தைப் பற்றி எழுதியோர் பலரும் சுட்டியுள்ளனர். பெட்டியில் தெரிந்த நாட்டுக்கும் சன்னலுக்கு வெளியே தெரிந்த நாட்டுக்கும் இருந்த தூரத்தை ஊவாத் தமிழர் அளந்துகொண்ட தருணம் அது. அத்தூரத்தைத் திரையின் பரிமாணம் எதுவும் குறைத்திருக்க முடியாது.

பின்னர் வேறொரு திசையிலிருந்து படம் வந்தது. 1993இல் சென்னையில் சன் தொலைக்காட்சி தொடங்கிற்று. செய்மதி வழி தமிழகத்தின் நெடுந்தொடர்களும் திரைப்பாடல்களும் மலையகத்தை அடைந்தன. நாட்டினுள்ளே 1998இல் சக்தி, 2009இல் வசந்தம் ஆகிய தமிழ் அலைவரிசைகள் எழுந்தன. ரூபவாஹினியும் தமிழுக்கென நேத்ரா என்னும் அலைவரிசையை நடத்தலாயிற்று. (கண் என்னும் பொருள்படும் பெயரை அது பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது, யாருடைய கண் என்பதே வினா.) லயங்களின் தகரக் கூரைகள் மேல் கிண்ண அன்ரனாக்கள் வரிசையாக முளைத்தன. நிலத்தலையின் மலைநிழலை வானிலிருந்து வரும் அலை வென்றுவிட்டது. தொழிலாளர் குடும்பமொன்று இரவுணவு வேளையில் பார்ப்பது சென்னைப் புறநகரின் செல்வக் குடும்பமொன்றின் மாமியார் மருமகள் பகையை. இதனை இரசனைத் தாழ்வு என்று சாடுவோர் உளர். அக்கண்டனம் முழுவதும் நியாயமன்று. தம் மொழியில், தம் உறவுப் பெயர்களில் ஒரு கதை கிடைக்கும்போது மக்கள் அதனை நாடுவது இயல்பே. குறை அதனை நாடுவோரிடத்து இல்லை. அவர்தம் கதையைச் சொல்லும் மற்றொரு படம் அருகில் இல்லாமையிலேயே உள்ளது.

அத்தகைய படம் எடுக்கும் ஆற்றல் மலையகத்தில் இருந்ததேயில்லை என்று கொள்வதும் தவறு. தொலைக்காட்சி வருவதற்கு முன்னரே, 1975இல், வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' தோட்டத் தொழிலாளரின் வாழ்வை வெள்ளித்திரைக்குக் கொணர்ந்தது. அதன் எழுத்தாக்கத்தில் தெளிவத்தை ஜோசப்புக்குப் பங்குண்டு. 1934இல் ஹாலி-எலைப் பகுதியின் ஊவாகட்டவளைத் தோட்டத்திற் பிறந்து, தாம் ஆசிரியராகப் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர் அவர். 'காலங்கள் சாவதில்லை' நாவலும் 'நாமிருக்கும் நாடே' சிறுகதைத் தொகுதியும் தோட்டத்தை உள்ளிருந்து நோக்கியவை. அவருடைய கதைகளில் லயம் தொலைக்காட்சியாகத் தெரிவதில்லை. குடும்பம் முழுவதும் ஒடுங்கும் இருட்டறையாக, ஒருவர் அசைந்தால் மற்றவர் விழிக்கும் நெருக்கமாக அது உணரப்படுகிறது. இரட்டைப்படக் கருவியின் முன்னால் கூடையுடன் நின்ற பெண்ணுக்கு எது மறுக்கப்பட்டதோ அதை எழுத்து வழங்கிற்று. 2022இல் அவர் மறைந்தார். நான்கு தசாப்தத் தொலைக்காட்சி அவ்வெழுத்தைத் தன் மூலவளமாக முறையாகப் பயன்படுத்திக்கொண்டதாகச் சொல்வதற்கில்லை.

காமன் கூத்தைக் கருதினால் இவ்வினா மேலும் கூர்மையடைகிறது. மாசி மாதத்தில் கம்பம் நட்டுத் தொடங்கி, மதன் எரிக்கப்படும் இரவு வரை நாட்கணக்கில் நடைபெறும் இக்கூத்து தோட்டத்தின் கூட்டுநினைவைச் சுமப்பது. அதற்கு மேடையில்லை. ஆடுவோர் லயங்களினூடே செல்கின்றனர். மக்கள் சுற்றி நிற்கின்றனர். தப்பொலி முன்னும் பின்னும் சூழ்கிறது. ரதியாக ஆடுபவர் அடுத்த காம்பராவின் இளைஞர் என்பது கூட்டம் முழுவதும் அறிந்த செய்தி. பார்ப்போர் அனைவரும் வெவ்வேறு நிலைகளிலிருந்து ஒரே நிகழ்வைக் காணும் இக்கலைக்கு முப்பரிமாணம் இயல்பிலேயே உண்டு. இதனைத் தொலைக்காட்சி எடுத்தாண்ட முறையோ பெரும்பாலும் விழாக்கால அலங்காரமே. சில நிமிடத் துணுக்கு, பின்னணியில் அறிவிப்பாளர் குரல், ஒளிவெள்ளத்தில் நிறுத்தப்பட்ட ஆட்டக்காரர், கமராவுக்காகத் திருப்பப்பட்ட வட்டம். வட்டம் ஒருபுறம் திறந்துகொண்ட கணத்திலேயே கூத்து மேடை நாடகமாகிவிடுகிறது. இதனைத் திண்மமாகப் பதிவுசெய்தால் குறை தீரும் என்பார் உளர். தீராது. கமரா வட்டத்தின் எந்தப் புள்ளியில், யார் கையில் நிற்கிறது என்பதே முதல் வினா. இன்று தோட்டத்து இளைஞர் கைத்தொலைபேசியிற் பிடிக்கும் பதிவுகள் நடுங்குகின்றன, ஒளி போதாது, ஒலி உடைகிறது. ஆயினும் அவை கூட்டத்தின் உள்ளே நின்று பார்க்கின்றன. துல்லியமிகு தொழில்முறைப் பதிவு எதிலும் இல்லாத ஆழம் சிலவேளை அவற்றில் தென்படுவதற்குக் காரணம் இதுவே.

இவையெல்லாம் கலை பற்றிய வாதங்கள் மட்டுமே என்று எண்ணுவோர் 2014 ஒக்ரோபர் 29ஐ நினைவுகூர்தல் வேண்டும். அன்று காலை பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை ஆண்டுகள் முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மண் சரிந்த பின்னர் உலகின் கமராக்கள் அங்கு வந்தன. சேற்றின் மீது நின்று அழுதோரை நாடு முழுவதும் கண்டது. எச்சரிக்கைக்குக் கிட்டாத ஒளிபரப்பு நேரம் இடிபாட்டுக்குக் கிட்டிற்று. கூடை சுமந்த பெண்ணை அட்டையிற் கண்ட விருந்தினர் அறைக்கும் இக்காட்சிக்கும் இடையே நூறாண்டு இருக்கலாம். நோக்கு நிலையிற் பெரிய மாற்றம் இல்லை.

அதே 2014இல்தான் இலங்கை தன் தரைவழித் தொலைக்காட்சியை இலக்கமுறைக்கு மாற்ற ஜப்பானிய முறையைத் தேர்ந்தது. பத்தாண்டு கழிந்தபோதும் அம்மாற்றம் நிறைவெய்தியிருக்கவில்லை. அம்முறையில் ஊவாவைப் பொறுத்தவரை கவனிக்கத்தக்க பண்புகள் மூன்றேனும் உள்ளன; முப்பரிமாணம் அவற்றில் ஒன்றன்று. மலையில் மோதித் தாமதித்து வரும் அலையை அது பொறுத்துக்கொள்கிறது. எனவே இரட்டைப் படம் மறையும். முன்னர் ஒரு நிகழ்ச்சி மட்டும் சென்ற அலைவெளியில் பல நிகழ்ச்சிகள் செல்லலாம். எனவே ஊவாவுக்கென ஒரு தடம் ஒதுக்க இடமில்லை என்று இனிக் கூறமுடியாது. மூன்றாவது, அவசர எச்சரிக்கைக் குறிப்பு. அதற்கேற்ற பெட்டி ஓய்வுநிலையில் இருந்தாலும், பரப்பியிலிருந்து வரும் குறிப்பு அதனைத் தானே விழிக்கச் செய்து எச்சரிக்கையை ஒலிக்கவைக்கும். குறித்த பிரதேசத்துக்கு மட்டும் அதனை அனுப்பவும் வழியுண்டு. நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் பழகிய நாடு கண்ட ஏற்பாடு இது. அடைமழை இரவுகளில் மலையடியில் உறங்கும் லயங்களுக்கு இதனினும் பயன்மிக்க தொலைக்காட்சி நுட்பம் வேறொன்று இருத்தல் அரிது.

ஆயின் இங்குதான் சிக்கல். எச்சரிக்கை தரைவழி அலையிலே வரும். லயங்களின் கூரைக் கிண்ணங்களோ வானை நோக்கியுள்ளன. அவற்றுட் பல இந்தியச் செய்மதிகளை நோக்கியவை. சென்னைத் தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்குக் கொழும்பின் எச்சரிக்கை எட்டாது. தரைவழி அன்ரனாவைக் கழற்றிய மக்களை மீண்டும் அதனைப் பூட்டச் செய்வதற்கு, என்றோ ஒருநாள் வரக்கூடிய ஆபத்தைக் காட்டி அச்சுறுத்துவது போதாது. நாள்தோறும் அத்தடத்திற் பார்ப்பதற்கு ஏதேனும் இருத்தல் வேண்டும். பசறைச் சந்தை விலை, தோட்டப் பாடசாலைப் பெறுபேறு, சம்பளப் பேச்சுவார்த்தை, மதன் எரியும் இரவு, ஊவா எழுத்தாளரின் ஒரு கதை: இவை தமிழில், பதுளையிலிருந்து, அங்குள்ளோர் கையாற் படைக்கப்பட்டு வருமாயின் அன்ரனா தானே கூரைக்கு ஏறும். கொத்மலையில் 1989இல் தொடங்கிய சமூக வானொலி மலைநாட்டில் இத்தகைய முயற்சி இயலும் என்பதைக் காட்டியுள்ளது. படம் எடுப்பதற்கான செலவும் அக்காலத்தை விட இன்று குறைவு.

எனவே இலக்கமுறை மாற்றத்தைத் திட்டமிடுவோரிடம் ஊவா கேட்கவேண்டியவை மிகவும் எளியவை. பிதுறுதலாகலவின் நிழலிற் கிடக்கும் பள்ளத்தாக்குகளுக்குச் சிறு இடைநிரப்புப் பரப்பிகள் எத்தனை, அவை எந்த மலைகளில் நிற்கும். பிரதேசத் தடத்தின் கலையகம் பதுளையில் அமையுமா, கொழும்பிலிருந்தே அஞ்சல் செய்யப்படுமா. எச்சரிக்கை ஒலிக்கும் இரவில் அதன் முதல் வாக்கியம் எந்த மொழியில் இருக்கும்.